ஃபிர்னியை நிறுத்தச் சொன்னவன்

இன்று காலை மறுபடியும் அந்தச் செய்தி என் போனுக்கு வந்தது. பாலும் சர்க்கரையும் புற்றுநோய்க்குத் தீனி, உடனே நிறுத்துங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். அனுப்பியவனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதையே நம்பிய முட்டாள் யார் என்று உனக்குத் தெரியும்.

தொண்டையில் கட்டி வந்து, தண்ணீர் குடித்தாலே உனக்குப் புரையேறியது. ஊறவைத்த அரிசியைக் குருணையாக அரைத்து, பாலில் சர்க்கரை போட்டு விடாமல் கிண்டி, உன் மனைவி மண் கிண்ணங்களில் ஊற்றி ஆறவைத்த ஃபிர்னி மட்டும்தான் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நோன்பு மாதத்தில் உங்கள் வீட்டிலிருந்து எனக்கு வருமே, அதே ஃபிர்னி. மண் நீரை இழுத்துக்கொள்வதால் கெட்டியாக நிற்கும். ஒரு நாளைக்கு நாலு கிண்ணம் சாப்பிட்டாய். மறுபடி உன் குஷன் கடையில் வந்து உட்கார்ந்து, தையல்காரரை அதட்டும் அளவுக்குத் தெம்பும் வந்தது.

நான் சும்மா இருந்தேனா? ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, அந்தச் செய்தி வந்த போனைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு, உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். "இன்னா தங்கச்சி இது, வெஷத்தக் கிண்டிக் குடுத்துக்கினு கீற" என்றேன். அவள் பயந்துபோய் அன்றே நிறுத்திவிட்டாள். பதிலுக்கு நான் சொன்னது பாகற்காய்ச் சாறு. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு வாய் இல்லையா? சோபா துணி அரை மீட்டர் குறைந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாயே.

மூன்று வாரம் கழித்து அடையாற்று ஆஸ்பத்திரியில் உன் எடையைப் பார்த்ததும், உணவு எழுதித் தரும் அம்மாவின் முகம் மாறியது. "யாரு நிறுத்தச் சொன்னது? பால்ல புரதம் இருக்கு, அரிசியில மாவுச்சத்து இருக்கு. இவரு முழுங்குறதே அது ஒண்ணுதான், அதப் போய் நிறுத்துவாங்களா?" நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே தங்கச்சி கிண்டினாள். இரண்டு ஸ்பூனுக்கு மேல் உன்னால் முடியவில்லை. நோய்தான் உன்னைக் கொண்டுபோனது என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த மூன்று வாரம் உன்னைப் பட்டினி போட்டவன் நான்.

"ஏன்டா, அன்னிக்கே என்னைத் திட்டி அனுப்பல?" என்று அந்த மாலையே உன் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்.

"நீ படிச்சவன் மச்சி. நீ சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்" என்றாய்.

கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். இதை எங்கே போய் இறக்கி வைப்பேன்?