தொங்கிய வயரின் மறுமுனை

நேற்று இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் சுவரில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். பச்சை விளக்குகள் சிமிட்டத் தொடங்கியதும் உன் நினைவு வந்தது. பாசத்தோடு வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. பொறாமை இன்னும் போகவில்லை.

கான்வென்ட்டில் நான் முதல், நீ இரண்டாவது. நீடாமங்கலத்திலிருந்து ரயிலில் வந்து, கசங்கிய தாவணியோடு என் பக்கத்தில் உட்காருவாய். கல்யாணமாகி ஷார்ஜா போனாய். அங்கே ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை கற்றுத் திரும்பி, நான் கம்ப்யூட்டர் மையத்துக்குப் பொறுப்பாயிருந்த தஞ்சாவூர்க் கல்லூரியிலேயே சேர்ந்தாய். மூன்றே மாதம். எந்த அறையில் இணைப்பு அறுந்தாலும் பிரின்சிபால், "அவங்களக் கூப்பிடுங்க" என்றார். அந்த 'அவங்க' நானல்ல.

எல்லாக் கம்ப்யூட்டர்களின் வயர்களும் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சின் பாஸ்வேர்டு மட்டும் என்னிடம் இருந்தது. "கொடுடி. யாராவது வயரைத் தப்பா மாட்டி வளையமாயிட்டா, சுவிட்சே அந்த வழிய அடைச்சிடற மாதிரி செட் பண்ணிடறேன்" என்று மூன்று முறை கேட்டாய். கொடுக்கவில்லை. புதுக் கட்டடத்து நெட்வொர்க் பொறுப்பு உனக்கா எனக்கா என்று அந்த வாரம்தான் முடிவாக இருந்தது.

அட்மிஷன் நாள் காலை, சுவிட்ச் அலமாரியைத் துடைக்கத் திறந்தேன். ஒரு வயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. பாவாடையில் நூல் தொங்கினாலே வெளியே நிறுத்தும் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். காலியாயிருந்த துளையில் அழகாகச் செருகிக் கதவைச் சாத்தினேன். என் மேசைக்குத் திரும்புமுன் எல்லாக் கம்ப்யூட்டர்களும் உறைந்துவிட்டன. பெற்றோர் கூட்டம் மாடிப்படி வரை நின்றது.

பிரின்சிபாலோடு நீ வந்து அலமாரியைத் திறந்தாய். எல்லா விளக்குகளும் வெறிபிடித்தாற்போல் துடித்தன. "வடிகால் தண்ணிய மறுபடி மதகுக்கே திருப்பிவிட்ட மாதிரி சுத்துது சார்" என்றபடி ஒவ்வொரு வயராகப் பிடுங்கினாய். பதினோராவதில் துடிப்பு அடங்கியது. அதன் இரண்டு முனைகளும் ஒரே சுவிட்சில் இருந்திருக்கின்றன. வயரைப் பார்த்தாய். பிறகு என் கையிலிருந்த துடைக்கும் துணியைப் பார்த்தாய்.

"யாருங்க மாட்டுனது?" என்றார் பிரின்சிபால்.

"நான்தான் சார். நேத்து டெஸ்ட் பண்ணிட்டு மறந்துட்டேன்."

பொறுப்பு எனக்கு வந்தது. படியில் உன்னை மடக்கி, "எதுக்குடி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"ஒரு தப்புன்னா உனக்குக் காய்ச்சல் வந்துடும். எனக்கு ரெண்டாவது ரேங்க் பழக்கந்தானே" என்று சிரித்தாய். அடுத்த ஆண்டே மறுபடி ஷார்ஜா போய்விட்டாய்.

வளையத்தை சுவிட்சே அடைக்கும்படி நீ கேட்ட அந்த அமைப்பைப் பிறகு நானே போட்டேன். "நல்ல யோசனைங்க" என்றார் பிரின்சிபால். யாருடைய யோசனை என்று நான் சொல்லவில்லை.

போன மாதம் உன் மகள் போனில் அழுதாள். "உங்க கையில ஒரு தப்பு வராதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க ஆன்ட்டி." அந்த வயர் விஷயத்தை அவளிடம்கூட நீ சொல்லியிருக்கவில்லை. சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. "ஆமாம்மா" என்றேன்.

உன் வேலைத்திறமை மீதிருந்த எரிச்சல் ஓய்வு பெற்றதோடு தணிந்தது. அத்தனை பேர் நடுவே, செய்யாத தப்பைத் தலை நிமிர்ந்து ஏற்றாயே, அதுதான் இன்னும் எரிகிறது. செய்த தப்பையே சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை. உனக்கு மட்டும் எழுத முடிகிறது, நீ படிக்க மாட்டாய் என்பதால்.