பித்தளைச் சூரியக் குடும்பம்

அன்பு மகளே,

நலமாக இருக்கிறேன். உன் அண்ணன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பள்ளியில் நான் வானியல் நடத்திய அந்தப் பித்தளைச் சூரியக் குடும்பம் நினைவிருக்கிறதா? கைப்பிடியைத் திருப்பினால் கோள்கள் சூரியனைச் சுற்றும். ஓய்வு பெற்றபோது எனக்கே கொடுத்துவிட்டார்கள். போன மாதம் அதன் பற்சக்கரங்களுக்கு எண்ணெய் வாங்கத் தாம்பரம் போனேன். கீழ்க்கட்டளைக்குத் திரும்பும்போது பஸ் மாறி ஏறிவிட்டேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிவிடுகிறார்கள்.

"உங்க சேஃப்டிக்குத்தாம்மா."

"எனக்கு ஒரு சாவி?"

"உங்களுக்கு எதுக்கும்மா? எங்க போகப் போறீங்க?"

பகலில் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று அவர்கள் வருவதற்குள் பூமிக்கு நூற்றுப் பத்து வருடம் ஓடிவிட்டது.

இனி அது உன்னிடம் இருக்கட்டும். சனிக்கிழமை வா, அன்று கேட் திறந்திருக்கும். பார்சலில் அனுப்பக் கூடாது, சனியின் வளையம் வளைந்துவிடும். திருச்சி வரை யாராவது மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். உனக்குக் கார் ஓட்டவே சரியாக இருக்கும்.

நான் பிடித்துக்கொள்கிறேன். என் பெட்டி சிறியதுதான்.

உன் அம்மா