வானொலியில் வெள்ளையின் அளவு

12-2-1958, புதன்

இன்று ரேடியோவில் பேசினேன். எட்டாவது வரை படித்த திருவானைக்காவல் தையற்காரிக்கு இது போதாதா? பெண்கள் நிகழ்ச்சியில் ‘நமது உடை’ என்று கால் மணி நேரம், மாதத்தில் இரண்டு புதன்கிழமை. படம் கிடையாது, துணி கிடையாது, வாயாலேயே ரவிக்கை வெட்டிக் காட்ட வேண்டும். “பேப்பரும் கத்திரியும் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நீங்க சொல்லச் சொல்ல வெட்டுவாங்க” என்றார், நிகழ்ச்சியை நடத்தும் மஜீதா அம்மாள்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் பேச ஆரம்பித்தேன். மாதிரிக்கு ஓர் அளவு சொல்ல வேண்டும். தாளைப் பார்க்காமலே வாயில் வந்துவிட்டது: மார்பு முப்பத்திரண்டு, தோள் பதிமூன்று, கை ஐந்து.

என் தங்கை வெள்ளையம்மாளின் அளவு. வீட்டை விட்டுப் போனபோது அவளுக்கு இருந்த அளவு.

வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் வராததுமாக, “என்ன ரேடியோக்காரி, எங்களுக்கும் கால் மணி நேரம் ஒதுக்குவியா?” என்று கேலி. சிரிப்பு வந்தது. காப்பி கொடுத்தேன்.

26-2-1958, புதன்

இன்றும் அதே அளவுதான் சொன்னேன். கேட்டிருப்பாளா?

14-5-1958, புதன்

கார்டுகள் குவிகின்றன. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி, கழுத்து இறங்காமல் நாகரிகமாகத் தைக்க வழி கேட்கிறார். மருங்காபுரியில் ஒரே ஒரு ரேடியோ உள்ள வீட்டில் பதினைந்து பெண்கள் கூடி உட்கார்ந்து வெட்டுகிறார்களாம். சினிமாவில் பார்த்த பஃப் கைதான் எல்லோருக்கும் வேண்டும். கொசுவம் எத்தனை, எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஒவ்வொரு கார்டிலும் கையெழுத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். தங்கை வெள்ளை ‘அ’வுக்குச் சுழி பெரிதாகப் போடுவாள்.

மஜீதா அம்மாள் கேட்டார்: “ஏம்மா சந்திரம்மா, எப்பவும் ஒரே அளவையே சொல்றீங்களே? ஊர்ல குண்டா யாருமே இல்லையா?”

“கணக்குக்கு லேசுங்க” என்றேன். பொய்.

3-8-1958, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஆற்றில் காதோலை கருகமணி விட்டேன். முன்பெல்லாம் வெள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவாள். இன்று முந்தானை லேசாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இதுவரை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். ஆறு வருஷம் முன்னால் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, மாம்பழ நிறப் பட்டில் கல்யாண ரவிக்கையும் வெட்டி வைத்திருந்தேன். அவளோ கிளமென்ட் என்ற வாத்தியாரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். கிறிஸ்தவ வேதக்காரர். அவரையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நான் கதவைப் பாதிதான் திறந்தேன். “இனிமே எனக்குத் தங்கச்சியே இல்லை. போ” என்றேன். அம்மா இல்லாத பிள்ளைடி அவ! உன்னை விட்டா யாரு இருந்தா அவளுக்கு? அந்த வாய்தான் இன்னைக்கு ஊருக்கெல்லாம் நல்ல வார்த்தை சொல்லுது.

வையம்பட்டியில் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘அன்புள்ள’வுக்கு மேல் ஓடாது. அதனால் அளவு சொல்கிறேன். அவள் கேட்டால் அவளுக்குப் புரியும்.

15-10-1958, புதன்

இன்று தீபாவளி ரவிக்கை. இந்த வருஷமும் அவளுக்கு நான் தைக்கவில்லையே என்ற நினைப்பிலேயே பேசி முடித்தேன். நன்றாக இருந்தது என்றார்கள்.

24-10-1958, வெள்ளி

தலையில் இடி. தையலுக்கு ஓரத்தில் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள் என்பதைச் சொல்லவே இல்லை! மற்ற நாளெல்லாம் தவறாமல் சொன்னேன். கத்திரி பிடித்தால் கை தானாக விட்டு வெட்டும். வாய்க்கு அது தெரியவில்லை. கேட்டவர்கள் கோட்டின் மேலேயே வெட்டியிருக்கிறார்கள். தைத்தால் போட முடியவில்லை. ஒரு கூடை கார்டு.

“எம் பொண்ணுக்குத் தீபாவளித் துணியே அது ஒண்ணுதான்” என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். நான் என்ன செய்வேன்?

திட்டிய கார்டுகளிலும் அந்தச் சுழி இருக்கிறதா என்று தேடினேன். வெட்கங்கெட்டவள்.

29-10-1958, புதன்

தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன். “தப்பு என்னுதுதாங்க. கெட்டுப்போன ரவிக்கையை எனக்கு அனுப்புங்க. கக்கத்துல துண்டு வெச்சு, தீபாவளிக்குள்ள தைச்சு அனுப்பறேன்” என்றேன். மஜீதா அம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, “எனக்கும் காஜா எடுக்கத் தெரியும். நாளைக்கு வரேன்” என்றார்.

6-11-1958, வியாழன்

பார்சல் மேல் பார்சல். நானும் மிஷினும் ஓயவில்லை. வீட்டுக்காரர் ஹூக் வைக்கிறார், தலைகீழாக.

இன்று வந்ததில் ஒரு ரவிக்கை கெடவே இல்லை. உள்ளே திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் ஒழுங்காகத் துணி விட்டிருந்தது. இதை ஏன் அனுப்பினார்கள் என்று உதறினேன். காகிதம் விழுந்தது. பெரிய சுழி.

“அக்கா, நீ சொல்ல மறந்துட்டே. ஆனா எனக்குக் கத்துக் குடுத்தது நீதானே, நான் விட்டுத்தான் வெட்டினேன். ஹெட்மாஸ்டர் வீட்டு ரேடியோவுல பிப்ரவரியிலேருந்து கேக்கறேன். நீ சொன்ன அத்தனை ரவிக்கையும் அதே அளவுல தைச்சு வெச்சிருக்கேன். ஒண்ணையும் போட முடியலை. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இப்ப என்ன அளவுன்னு எனக்கே தெரியாது. எடுக்க ஆளில்லை.”

நாலு தடவை படித்தேன். மிஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன். வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை காலையில பஸ் இருக்கு. வரோம்னு நான் கார்டு போட்டுடறேன்” என்றார்.

8-11-1958, சனி

எல்லாப் பார்சலும் தபாலில் போய்விட்டன. டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த மாம்பழ நிறப் பட்டுத் துணியை எடுத்தேன். ஆறு வருஷமாகச் சேர்க்காத துண்டுகள். நல்ல வேளை, பக்கத்தில் தாராளமாக விட்டு வெட்டியிருக்கிறேன். டேப்பையும் எடுத்து வைத்தேன்.

9-11-1958, ஞாயிறு. வையம்பட்டி

கதவு முழுசாகத் திறந்திருந்தது. வாசலில் கிளமென்ட். “உள்ள வாங்க. காலையிலேருந்து காத்துக்கிட்டிருக்கா” என்றார்.

மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலு. இரண்டு தடவை எடுத்தேன். முதல் தடவை எண் கண்ணுக்குத் தெரியவில்லை.