மாட்டை மோந்து பார்க்கும் பெட்டி

அன்புள்ள மகளுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகந்தானே? இங்கே அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு முழங்கால் வலியும் அலுப்பும் தவிர வேறொன்றுமில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை, எழுந்தால் நிற்க முடிவதில்லை.

நம் சண்டி மாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேனே, பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, அடுத்த மாட்டின் மேல் தாவாது, ஊமை மாதிரி நிற்கும், சினை ஊசி போடும் நேரம் தவறித் தவறிப் பாலும் வற்றிக்கொண்டே வந்தது. விடியுமுன் போய் அதன் பின்னாலேயே நின்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. இப்போது பால் சங்கத்தில் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள், மாட்டின் பின்பக்கம் காட்டினால் வாடையை வைத்தே பருவத்தைக் கண்டுபிடித்து விளக்கு எரியும். முதல் நாளே எரிந்தது. மாட்டு டாக்டர் போட்டது போட்டபடி ஓடி வந்து பார்த்தால் ஒன்றுமில்லை, நீ அனுப்பிய முழங்கால் தைலத்தைத் தேய்த்த கையோடு நான் பெட்டியைப் பிடித்திருக்கிறேன். “மாட்டை விட்டுட்டு உங்களை மோந்து பார்த்திருக்கு, ஊசியை உங்களுக்கா போடறது?” என்று கேட்டுவிட்டார். அம்மா வாரம் பூராவும் சிரித்தாள். அதிலிருந்து தொழுவ வேலை முடிந்த பிறகுதான் தைலம். அடுத்த தடவை விளக்கு எரிந்தபோது சண்டி ஒன்றும் அறியாதது போல அசை போட்டுக்கொண்டிருந்தது, நம்பி ஊசி போட்டோம், சினை பிடித்துவிட்டது.

பால் கறப்பதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும் தயார், பெட்டியைக் காட்டவும் பழகிக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான், ஆனால் மனசு ஒரு மாதிரி இருக்கிறது. பேத்தி பிறந்ததிலிருந்து வருஷம் தவறாமல் “வந்து இருங்கப்பா” என்று கூப்பிட்டாய், சண்டியை யார் பார்ப்பது என்று நானும் தட்டிக்கொண்டே வந்தேன். பொய் இல்லை, கறக்க ஆள் இருந்தாலும் பின்னாலேயே நின்று பருவம் பார்க்க நிஜமாகவே ஆள் கிடையாது. இந்த வருஷம் நீ கூப்பிடவில்லை. உன்மேல் தப்பில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்திருக்கும். அம்மா பரண்மேல் கிடந்த சூட்கேஸை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள்.

வேலை வேலை என்று வயிற்றைக் காயப் போடாதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதேம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அப்பா