இயல்பாக வரவும்

மார்ச் 4, செவ்வாய்

புது மேனேஜர் கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார். ‘திங்கள் முதல் யாருக்கும் சீருடை இல்லை. அனைவரும் இயல்பாக வரவும்.’ எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பதினோரு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுவது சாம்பல் நிறச் சீருடைக் கோட்டில்தான். முழுக்கைக் கோட்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எனக்கு வெள்ளைத் திட்டுகள் இருப்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அந்தக் கோட்டுதான் இயல்பு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மார்ச் 10, திங்கள்

முழுக்கைச் சட்டை. ஃபிரேமைச் சூடாக்கி வளைக்கிற மெஷின் பக்கத்திலேயே நாளெல்லாம் நிற்க வேண்டும். வேர்த்துக் கொட்டியது. பக்கத்து மேஜைக்காரன் கிளிப் படம் போட்ட பனியனில் வந்தான். தலைமுடியைச் சிவப்பாக்கி நிமிர்த்தி வைத்திருப்பான். சேவல் என்றுதான் கூப்பிடுவோம்.

மார்ச் 28

மதிப்பெண் தாள் வந்தது. வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. நேரத்துக்கு ஐந்து. ‘தன்னை வெளிப்படுத்துதல்’ என்று புதிதாக ஒன்று. அதில் எனக்கு இரண்டு, சேவலுக்கு ஐந்து. ஜூனில் சீனியர் இடம் காலியாகிறது, அடுத்த முறை என்னுடையது. மேனேஜரிடமே நேராகப் போய்க் கேட்டேன்.

“வேலையில உங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா எப்பவும் மூடிக்கிட்டே இருக்கீங்களே. கொஞ்சம் ஃப்ரீயா வாங்க” என்றார்.

மூடிக்கொண்டு இருக்கிறேனாம்.

ஏப்ரல் 2

போட்டுவிட்டேன். அரைக்கை, நீலம். வீட்டுக்காரர் “நிஜமாவா?” என்று மட்டும் கேட்டார். கடையில் மேனேஜரின் பார்வை என் கையில் ஒரு நொடி நின்றது, பிறகு சுவருக்குப் போனது. “அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு” என்றான் சேவல். கையில் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 5

ஒரு பெரியம்மா. பவர் மிக அதிகம், கண்ணாடி இல்லாவிட்டால் தன் விரலே தெரியாது. நான் அளவெடுக்க, வளைக்க, காதோரம் சரிபார்க்க, மருமகள் பேசாததைச் சொல்லிக்கொண்டே இருந்தார். “உன் கை பட்டாலே இதமா இருக்கும்மா” என்றார். மாட்டிவிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியை அவருக்கு நேரே பிடித்தேன். அவர் முகம் பார்க்கவில்லை. பிடித்திருந்த கையைப் பார்த்தார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இது... ஒட்டிக்குமா?”

“ஒட்டாதும்மா.”

கழற்றி, கைக்குட்டையால் ஃபிரேமை அழுத்தி அழுத்தித் துடைத்தார் —

நான்தானே மாட்டினேன்? அது வரைக்கும் என் கை இதமாத்தானே இருந்துச்சு? எதுக்குடி உனக்கு அரைக்கை? யார் கேட்டா?

ஏப்ரல் 7

மேனேஜர் கூப்பிட்டார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கொஞ்ச நாள் உள்ள லென்ஸ் வெட்டுங்க.”

“நான் என்ன சார் தப்பு பண்ணேன்?”

“தப்புன்னு யார் சொன்னா?”

ஏப்ரல் 8

லென்ஸ் அறை. ஜன்னல் கிடையாது.

மே 29

வெளியே ஒரே குளறுபடி. காதில் அழுத்துகிறது, மூக்கில் வழுக்குகிறது என்று ஒரே ஆள் மூன்று முறை திரும்பி வருகிறாராம். சேவல் உள்ளே வந்து நின்றான். “எனக்கு வரலக்கா. அக்கா இல்லாம ஆகாதுன்னு சார்கிட்டயே சொல்லிட்டேன்.” பாவம், நல்லவன்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார், கையில் என் பழைய கோட்டு. சலவை செய்து இஸ்திரி போட்டிருந்தது.

“சீனியர் போஸ்ட் உங்களுக்குத்தான். கவுண்ட்டர்ல நிக்கறப்ப மட்டும் இதப் போட்டுக்கோங்க. கட்டாயமில்ல, உங்க விருப்பம்.”

“மத்தவங்க?”

“அவங்க இயல்பா வரட்டும்.”

மே 30

“பதினோரு வருஷம் போட்டதுதானே?” என்கிறார் வீட்டுக்காரர். போட்டதுதான். அப்போது எட்டுப் பேரும் போட்டோம், அது சீருடை. இப்போது எனக்கு மட்டும் என்றால் அது என்ன? அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை. பதினோரு வருடம் காத்திருந்த இடம் அது. விடவும் மனமில்லை.

ஜூன் 2, திங்கள்

கோட்டின் மேல் சீனியர் பேட்ஜைக் குத்திவிட்டார்கள். கைதட்டினார்கள். கடையில் கோட்டுப் போட்டவள் நான் ஒருத்திதான் என்பதால், வந்தவர்களில் மூன்று பேர் என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட்டார்கள். ஒருவர் எழுந்தே நின்றார்.

நான் திருத்தவில்லை.