அம்பு வைக்காமல் இழுத்த வில்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், என் வலது தோளைத் தவிர. அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் உனக்கும் அதே தோள்தான் என்று தெரிந்த பிறகு அதை எந்த முகத்தோடு எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, காரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது உன் அறைத்தோழி போனை எடுத்தாள் இல்லையா, அவள் பாவம் வெகுளி, அவளால கையத் தூக்கவே முடியல ஆன்ட்டி, துணி காயப்போடறது, தலை பின்னி விடறது எல்லாம் நான்தான் என்று கொட்டிவிட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. வாரா வாரம் வலிக்கிறதா என்று கேட்பேன், அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா என்பாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அப்புறம் நீயே வந்து போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னாய். டாக்டர் மூன்று மாதம் வில்லைத் தொடவே கூடாது என்கிறார், கோச்சு ஒரு ஊசியைப் போட்டுக்கொண்டு அடுத்த மாத அணித் தேர்வில் எய்துவிடு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் படுத்துக்கொள் என்கிறார், இந்தத் தேர்வை விட்டால் அணியில் இடம் போய்விடும், எய்தால் தோளே போனாலும் போகும். சொல்லிவிட்டு, நீயே சொல்லும்மா, நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டாய். இத்தனை வருஷத்தில் நீ என்னை அப்படிக் கேட்டதே இல்லை. நான் சொன்ன பதில் சாப்பிட்டியா என்பது. நீ, சாப்பிட்டேன்ம்மா என்று வைத்துவிட்டாய். அதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அப்பா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ஸ்டூலைப் போட்டு ஏறி அலமாரி மேலிருந்து உன் பழைய வில்லை இறக்கினேன். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று தெரிந்தாலாவது உனக்கு ஏதாவது சொல்ல வருமே என்ற எண்ணம்தான், வேறு பைத்தியம் இல்லை. நீ நிற்பதைப் போலவே பக்கவாட்டில் நின்று நாணைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டேன். இழுத்த பிறகுதான் நினைவு வந்தது, உன் சின்ன வயதில் நான் ஒருமுறை விளையாட்டாக அதைத் தொட்டபோது, அம்பு வைக்காம நாணை விடாதம்மா, வில்லு தெறிச்சிடும் என்று நீ வீடே அதிரக் கத்தியது. அம்பு இல்லை. விடக் கூடாது. மெல்லத் திரும்ப இறக்கலாம் என்றால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் கூடத்தில் நின்றுகொண்டு, என்னங்க என்னங்க என்று கூப்பிட்டேன். அப்பா பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து, யாரைடி குறி வைக்கிற என்றார். சிரிக்கிற நிலையிலா இருந்தேன். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, என்னைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார், கடைசியில் பின்னால் வந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நாணை இறக்கினோம். பாதி வழியில்தான் தோளுக்குள் ஏதோ சுருக்கென்றது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், தோள்வலியும் சேர்த்தி. ஜாக்கெட் போட முடியவில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசையிலிருந்து என்னை மாற்றித் தலையணை உறை மடிக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எப்படி ஆச்சு என்று கேட்ட மேஸ்திரி அம்மாவிடம், வில்லை இழுத்தேன் என்று இந்த வயதில் எப்படிச் சொல்வது, குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். இப்போது கூடம் முழுக்க எனக்குக் குளியலறைத் தரையைப் பற்றிப் புத்தி சொல்கிறார்கள். வலிக்குதா என்று கேட்கிறவர்களிடம் எல்லாம், இல்ல, ஒண்ணும் இல்ல என்கிறேன். உன் மேல் எனக்கிருந்த கோபம் அங்கேதான் போனது.

ஆனால் கண்ணு, வலி தெரிந்துவிட்டதே தவிர பதில் தெரியவில்லை. எய்துவிடு என்று சொன்னால் நாளைக்கு உன் கை விளங்காமல் போனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது. விட்டுவிட்டு வா என்று சொன்னால், பத்து வயதிலிருந்து நீ விடியுமுன் எழுந்து போனதெல்லாம் என்னால் வீணாகிவிடும். டாக்டருக்குத் தோள் தெரிகிறது, கோச்சுக்குத் தேர்வு தெரிகிறது, எனக்கு நீ மட்டும்தான் தெரிகிறாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன தீர்ப்பு சொல்ல. அப்பாவைக் கேட்டால், அவ புத்திசாலி, அவளுக்குத் தெரியும் என்று பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார். அதே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் பார்க்கிறார். நாங்கள் ரொம்பக் கையாலாகாதவர்களாக இருக்கிறோம், மன்னித்துக்கொள்.

நீ எய்தாலும் சரி, எனக்குச் சம்மதம். இறக்கி வைத்தாலும் சரி. ஆனால் இறக்குவதாக இருந்தால் தனியாக இறக்காதே, அப்போதுதான் சுருக்கென்கிறது. ஒரு போன் போடு, நானும் அப்பாவும் அடுத்த வண்டியில் ஏறிவிடுவோம். எங்களுக்கு வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, பின்னால் நின்று முழங்கையைத் தாங்கத் தெரியும்.

தலை பின்னிவிடுகிற அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல். இதோடு அனுப்புகிற பார்சலில் வெந்நீர்ப் பை வைத்திருக்கிறேன், துணி சுற்றாமல் வைத்துச் சுட்டுக்கொள்ளாதே. நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வலிக்கிறதா என்று கேட்பேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல். நானும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா