கள்ளனுக்குப் பயந்து ஒளித்த பை

2002 ஜூன் 28, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி இது இரண்டாவது கோடை. பேஸ்மென்டில் மட்டும்தான் கொஞ்சம் குளிர்ச்சி. இன்று எனக்கு லீவு. செய்ய வேண்டியவை: பேஸ்மென்ட் கூட்ட. ஆரணியின் பள்ளிக்கூடப் பையைத் தோய்க்க. மிளகாய் வறுக்க (பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு; இல்லாவிட்டால் அவளுக்கு முட்டு வரும், பிறகு நாள் முழுக்க இழுப்புத்தான்).

தபாற்பெட்டியில் ஒரு துண்டுப்பிரசுரம். முழுக்கப் பிரெஞ்சு. ஆரணிக்குப் பத்து வயது, இந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். வாசித்துச் சொன்னாள். வெள்ளம், ஐஸ் மழை, காட்டுத்தீ, எது வந்தாலும் மூன்று நாளைக்கு வேண்டிய சாமானை ஒரு பையில் போட்டு வாசலுக்குக் கிட்ட வைக்க வேண்டுமாம். தண்ணீர், டோர்ச், பற்றரி ரேடியோ, டின் வெட்டி, மருந்து. குடும்பமாக வெளியே ஓடியும் பழக வேண்டுமாம்.

இவர் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

"எங்களுக்கோ ஓடப் பழக்கினம்? ஊர்ச் சண்டையிலை செல்லடிக்குள்ளாலை ஓடின ஆக்கள் நாங்கள். அவைக்கு நாங்கள் வகுப்பு எடுக்கலாம்."

எனக்கும் சிரிப்பு. உண்மைதானே.

ஜூன் 30, ஞாயிறு

சிரித்தாலும் பை கட்டியாயிற்று. இவருடைய பழைய நீலப் பை. உள்ளே:

சிற்றிசன் கார்ட், பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பதிவு
ஊர்க் காணி உறுதி (அந்தக் காணியில் இப்போது யார் இருக்கிறார்களோ)
நகை எல்லாம்
கலியாண அல்பம், தாலி கட்டின அன்று உடுத்த கூறைச்சேலை
ஆரணியின் முட்டுக்கு அடிக்கிற பம்ப், புதிது. பிரசுரத்தில் மருந்து என்று இருந்தபடியால்.

தண்ணீர் வைக்கவில்லை. குழாயில் வருகிறதுதானே. டோர்ச்சும் இல்லை. ஆரணி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, சாப்பிட ஒண்டும் இல்லையே?"

"போற இடத்திலை ஆரும் தருவினம், பிள்ளை."

எனக்கு இதுவரைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஆனால் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை நல்லாயில்லை.

ஜூலை 1, திங்கள்

இங்கே வாடகைக்கு இருக்கிற ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வீடு மாறுகிற நாள். தெரு முழுக்க சோபாவும் மெத்தையும். வெயில்.

கோயிலில் பழக்கமான ஒரு மனுசி டெலிபோன் எடுத்தார். அவர்கள் பக்கத்தில் ஒரு தமிழ் வீட்டில் களவாம். "எங்கடை ஆக்களின்ரை வீட்டிலை பவுண் இருக்கெண்டு கள்ளருக்கு நல்லாத் தெரியும்" என்றார். என் பவுண் முழுவதும் பையில். பை வாசற்கதவுக்குப் பக்கத்தில். கள்ளனுக்குக் கட்டி வைத்த பொதி!

உடனே கீழே கொண்டுபோய், பேஸ்மென்டில் கவிழ்த்து வைத்திருக்கும் பெரிய சமையல் கிடாரத்துக்குள் வைத்தேன். கள்ளனின் பாட்டனாலும் கண்டுபிடிக்க ஏலாது. இவரிடம் பின்னேரம் சொன்னேன். "ம்" என்றார்.

ஜூலை 6, சனி

பின்னேரம் ஒரு எரிகிற மணம். பக்கத்து வீட்டு மதாம் ஆட்கள் இறைச்சி சுடுகிறார்கள் என்று நினைத்தேன். கறி மணத்துக்கு ஜன்னல் திறந்து பழகிய கை. எல்லா ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டேன். இவரும், "ஓம், காத்து வரட்டும்" என்றார். அப்படியே படுத்துவிட்டோம்.

நாளை: தயிர், கத்தரிக்காய், ஆரணிக்கு நீச்சல் உடுப்பு.

ஜூலை 7, ஞாயிறு

பின்னேரம் எழுதுகிறேன்.

விடிந்தபோது வெளியெல்லாம் மஞ்சள். எதிர் வீடு மங்கல். சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி, கண் கூசாமல் பார்க்கலாம். வடக்கே காடு எரிகிறதாம், காற்று புகையை இங்கே தள்ளுகிறதாம். டீவியில் சொன்னதை ஆரணிதான் எனக்குச் சொன்னாள். வடக்கே என்றால் கன தூரம். அங்கே எரிகிற காடு என் பிள்ளையின் நெஞ்சுக்குள் வந்து நிற்கும் என்று ஆர் கண்டது?

இவருக்கு டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. ஞாயிறும் உண்டு. ஏழு மணிக்கே பஸ் எடுத்துவிட்டார்.

பத்து மணிபோல ஆரணி கட்டிலில் இருந்தபடி தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு எடுத்தாள். நெஞ்சுக்குள் விசில். மேசையிலிருந்த பழைய பம்பை எடுத்து அமத்தினேன். ஒன்றும் வரவில்லை. குலுக்கினேன். வெறும் டப்பா.

"புதுசு... பைக்குள்ளை, அம்மா."

கீழே ஓடினேன். கிடாரத்தைத் தூக்கினேன். வெறும் நிலம்.

கள்ளன் வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். நகை போய்விட்டதே என்று ஒரு பொட்டுக் கவலையும் வரவில்லை. இதை இங்கே எழுதி வைக்க வேண்டும். பம்ப், பம்ப், பம்ப். வேறு ஒன்றும் மண்டைக்குள் இல்லை.

மேலே வந்தால் வாசற்கதவை யாரோ இடிக்கிற சத்தம். பக்கத்து வீட்டு மதாம் ஜினெட். இரண்டு வருடமாக பொன்ஜூர் தவிர ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கள் ஜன்னல்களைக் காட்டி, "ஃபெர்மே! ஃபெர்மே!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்து, தானே ஒவ்வொன்றாகச் சாத்தினார். இரவு முழுக்க நாங்கள் புகையை வரவேற்று உபசரித்திருக்கிறோம்! பிள்ளையைக் கண்டதும் அவர் குரல் மாறிவிட்டது. அவளை நிமிர்த்தி இருத்தித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, தன் கைபேசியில் அம்புலன்சுக்கு அடித்தார். நான் எங்கள் டெலிபோனில் இவருடைய வேலையிடத்துக்கு. யாரோ எடுத்தார்கள், பின்னால் சட்டி சத்தம், மதியச் சாப்பாட்டு அவசரம். இவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"என்னப்பா, வேலை நேரத்திலை?"

"பை எங்கை?"

"எந்தப் பை?"

"ஓடுற பை! கிடாரத்துக்குள்ளை இல்லை!"

"அது நான் மாத்தினனான். கிடாரத்தைத்தான் கள்ளன் முதல்லை தூக்கிப் பாப்பான். பேந்து சொல்லுவம் எண்டு..."

"பிள்ளைக்கு முட்டு! பம்ப் அதுக்குள்ளை!"

பிறகு இவருடைய குரல், நான் கேட்டேயிராத குரல்.

"ஃபர்னஸுக்குப் பின்னாலை... இல்லை, இல்லை. அங்கையிருந்தும் எடுத்திட்டன். கிறிஸ்மஸ் மரப் பெட்டி. மரத்துக்குக் கீழை. ஓடும், ஓடும்!"

பெட்டியைக் கிழித்தேன். மரத்தை வீசினேன். பை. பூட்டு வேறு! மீன் வெட்டுகிற கத்தியால் பையைக் கீறினேன். கூறைச்சேலை, அல்பம், உறுதி, எல்லாம் படிக்கட்டில் சிதற, அடியிலிருந்து பம்ப்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மதாம் அவளோடு சேர்ந்து மூச்சு இழுத்து விட்டுக் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. அம்புலன்ஸ்காரர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, முகமூடி போட்டு மருந்துப் புகை கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. மூன்று மணிக்கு வீட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

இவர் வாசலிலேயே நின்றார், சமையல் உடுப்போடு. எங்களைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சப்பாத்தோடு மேலே ஏறிவிட்டார். ஒருநாளும் அப்படிச் செய்யாத மனுசன்.

ஜூலை 8, திங்கள்

காற்று மாறியிருக்கிறது. வானம் கொஞ்சம் நீலம். ஜன்னல்கள் சாத்தியபடி. ஆரணி இரண்டு முட்டை சாப்பிட்டாள், இரண்டு! இன்னும் கேட்டாள்.

இவரோடு நல்ல சண்டை.

"கள்ளனுக்கு ஒளிச்சியள் சரி, எனக்கும் ஏன் ஒளிச்சனீங்கள்?"

"நீர் மட்டும் என்னவாம்? தண்ணி இல்லை, டோர்ச் இல்லை, கூறைச்சேலை! ஆரைக் கட்டப் போறீர்?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, பிறகு எனக்கு அழுகை வந்தது. ஓட்டத்தில் பட்டம் எடுத்த ஆட்கள் என்று எவ்வளவு பெருமை. ஆனைக்கும் அடி சறுக்கும். அன்று ஊரில் வீட்டை இழக்கத்தான் பை கட்டிப் பழகினோம், அதுதான் பைக்குள் எல்லாம் பத்திரமும் பவுணும். பிள்ளையோடு மூன்று நாள் உயிரோடு இருக்க என்ன வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மதாமுக்கு வடை கொண்டுபோனேன். உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் மூன்று சாப்பிட்டார்.

ஜூலை 11, வியாழன்

வானம் மப்பு. நகையும் உறுதியும் வங்கிப் பெட்டகத்துக்குப் போய்விட்டன. புதுப் பை, பூட்டு இல்லை. இம்முறை ஆரணி பிரசுரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன். தண்ணீர், டோர்ச், ரேடியோ, பிஸ்கட், மீன் டின், டின் வெட்டி, பத்திரங்களின் கொப்பி. பம்ப் மூன்று: ஒன்று பையில், ஒன்று குசினியில், ஒன்று அவளோடு. வாசலில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாயிற்று. கள்ளன் வந்தால் மீன் டின்னைக் கொண்டுபோகட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

நல்ல வெயில், தெளிவான வானம். இவர் லீவு எடுத்தார். ஓடிப் பழகினோம்! ஆரணி அப்பாவின் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அதிகாரி. கூடுமிடம் மதாம் வீட்டு மேப்பிள் மரத்தடி.

முதல் தரம் பதினொரு நிமிசம். இவர் கண்ணாடி எடுக்கத் திரும்பினார், நான் சாமிப் படம் எடுக்க. ஆரணிக்குக் கோபம் வந்துவிட்டது. "திரும்பிப் போகக் கூடாது எண்டு வடிவா எழுதியிருக்கு! நீங்கள் ரெண்டு பேரும் வாசிக்கிறேல்லையோ?"

இரண்டாம் தரம் நாலு நிமிசம். மதாம் பல்கனியில் நின்று கைதட்டினார்.

"சரி, முடிஞ்சுது. இனி உள்ளை போவம்," என்றாள் ஆரணி.

எனக்குக் கால் எழும்பவில்லை. பையோடு எத்தனையோ வீட்டை விட்டு வெளிக்கிட்டிருக்கிறேன். ஒரு தரமாவது அதே வீட்டுக்குள் திரும்பிப் போனதில்லை. இவரைப் பார்த்தேன். இவரும் கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

"வாங்கோவன்!" பிள்ளை எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து இழுத்தாள்.

போனோம். அடுப்பை நிற்பாட்ட மறந்திருக்கிறேன். பருப்பு நல்லாய் அடிப்பிடித்துவிட்டது. அதையே போட்டுச் சாப்பிட்டோம்.